சம்பளம் கேட்காத காவல்காரன்!

வீட்டில் எலித் தொல்லை அதிகமானால் என்ன செய்கிறோம்?

ஒன்று, பாஷாணம் வைக்கிறோம். இல்லாவிட்டால், பூனை வளர்க்கிறோம்.

பாஷாணம் வைத்தால் எலி செத்துப் போகும். ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் தாய்க்குத் தூக்கம் வராது. குழந்தை எதை எடுத்து வாயில் போட்டுவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். பூனை வளர்த்தால் அந்தப் பயம் இல்லை. பூனை தன் வயிற்றுக்காக எலியைப் பிடிக்கிறது. நன்மை நமக்குக் கிடைக்கிறது. அதற்குச் சம்பளமும் இல்லை, பஞ்சப்படியும் இல்லை!

காய்கறித் தோட்டத்துக்கும் இப்படிப்பட்ட பூனைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு வாலும் இல்லை, மீசையும் இல்லை. அவை குண்டூசித் தலையைவிடச் சிறிய பூச்சிகள்!

இந்தப் பூச்சிகளின் கதையை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். இது நமது சாப்பாட்டுத் தட்டைப் பற்றிய கதை.

கூரை போட்ட தோட்டம்

ஓசூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நீலகிரி மலைக்குப் போனவர்களும் பார்த்திருப்பார்கள். வெள்ளைப் பாலித்தீன் கூரை போட்ட நீண்ட கொட்டகைகள் வரிசை வரிசையாக நிற்கும். அதற்குப் பெயர் பசுமைக்குடில். உள்ளே ரோஜா இருக்கும்; குடைமிளகாய் இருக்கும்; வெள்ளரி இருக்கும்.

குளிர் நாடுகளில் இதையே கண்ணாடியால் கட்டுகிறார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே தக்காளி பழுக்கும்!

இதனால் லாபம் உண்டு. கொட்டும் மழை பயிரை அடிக்காது. கடும் வெயில் கருக்காது. சொட்டு நீர் விட்டால் தண்ணீர் மிச்சம். கொஞ்ச நிலத்தில் நிறைய விளையும்.

ஆனால் இதிலே ஓர் ஆபத்தும் இருக்கிறது.

வெளியே ஒரு பயிரில் வெள்ளை ஈ வந்தால் மழை அதைக் கழுவிவிடும். குருவி கொத்தித் தின்னும். பொறிவண்டு பிடித்துத் தின்னும். குடிலுக்குள் மழை இல்லை, குருவி இல்லை, பொறிவண்டும் இல்லை. கதகதப்பான இடம். பக்கத்துக்குப் பக்கம் பசுமையான இலை. பூச்சிக்கு அங்கே மாப்பிள்ளை விருந்துதான்!

வெயில் காலத்தில் சிவப்புச் சிலந்திப் பேன், முட்டையிலிருந்து பத்தே நாளில் வளர்ந்து, தானும் முட்டை இடத் தொடங்கிவிடும். பத்து, நூறாகும். நூறு, ஆயிரமாகும்.

விவசாயி என்ன செய்வார்? கையில் தெளிப்பானை எடுக்கிறார். மருந்து அடிக்கிறார்.

மருந்து என்கிறோம். உண்மையில் அது விஷம். மூடிய குடிலுக்குள் அந்த விஷத்தை அள்ளிக்கொண்டு போக, வெளியே போல் காற்று வீசாது. இலையைக் கழுவ மழையும் வராது. அதை முதலில் மூச்சில் வாங்குகிறவர் தெளிக்கிற கூலிக்காரர். அடுத்தது, மறுநாள் காய் பறிக்க வரும் பெண்கள். மூன்றாவது, காயை வாங்கிச் சமைக்கிற நாம்.

அப்படியாவது பூச்சி ஒழிகிறதா? அதுவும் இல்லை! நூறு பூச்சியில் தொண்ணூற்றைந்து சாகும். விஷத்தைத் தாங்கிய ஐந்து பிழைக்கும். அந்த ஐந்தின் குஞ்சுகளும் விஷத்தைத் தாங்கும். அடுத்த முறை மருந்து இன்னும் அதிகமாக வேண்டும். பிறகு வேறு மருந்து வேண்டும். கடன் வாங்கி வட்டி கட்டுகிறவன் கதைதான்!

கறுப்புக் குஞ்சு

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். ஆண்டு 1926.

லண்டனுக்கு வடக்கே கண்ணாடித் தோட்டங்கள் நிறைய இருந்தன. அங்கே தக்காளி பயிரிட்ட ஒரு தோட்டக்காரர், இலையைத் திருப்பிப் பார்த்தார். இலையின் அடியில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் அப்பிக்கொண்டிருந்தன. அது புதிது அல்ல. ஆனால் வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே சில குஞ்சுகள் கறுப்பாக இருந்தன!

வேறு ஒருவராக இருந்தால் இலையைக் கிள்ளி எறிந்திருப்பார். இவர் எறியவில்லை. செஷண்ட் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தின் பார்வைக்கு அது போயிற்று.

விஞ்ஞானிகள் அந்தக் கறுப்புக் குஞ்சுகளைக் கவனித்தார்கள். உள்ளிருந்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது ஒரு சின்னஞ்சிறு குளவி! அதன் நீளம் ஒரு மில்லி மீட்டர்கூட இல்லை. அதன் பெயர் என்கார்சியா.

இந்தக் குளவி மனிதனைக் கொட்டாது. அதற்கு வேண்டியது வெள்ளை ஈயின் குஞ்சு மட்டும். குஞ்சின் உடம்புக்குள் ஒரு முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு, உள்ளேயே இருந்துகொண்டு வெள்ளை ஈக் குஞ்சைத் தின்று தீர்க்கும். குஞ்சு கறுத்துப் போகும். அதற்குள்ளிருந்து புதுக் குளவி புறப்படும். புறப்பட்டதும் அடுத்த குஞ்சைத் தேடும்.

இன்னொரு வேடிக்கை! இந்தக் குளவிகளில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். ஆண் துணை இல்லாமலே முட்டை இடுகின்றன. ஆகவே ஒவ்வொன்றும் வேலைக்கு உதவும்.

ஆராய்ச்சி நிலையம் இந்தக் குளவியைப் பெருக்கித் தோட்டக்காரர்களுக்கு அனுப்பியது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய தூர நாடுகளுக்கும் அது கப்பல் ஏறிப் போயிற்று.

மறந்தார்கள், பிறகு நினைத்தார்கள்

இவ்வளவு நல்ல காவல்காரனைப் பிறகு ஏன் கைவிட்டார்கள்?

டி.டி.டி. வந்தது! பூச்சிகளைக் கொல்லும் அதன் சக்தியை 1939-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லர் கண்டுபிடித்தார். 1948-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகப் போர் முடிந்ததும் டி.டி.டி.யும் அதைப் போன்ற மருந்துகளும் தோட்டங்களுக்குள் நுழைந்தன. விலை மலிவு. ஒரு தெளிப்பில் வேலை முடிந்தது. “குளவியாவது, கிளவியாவது!” என்று எண்ணத் தொடங்கினார்கள். விஷத்தில் வெள்ளை ஈயும் செத்தது. அதைத் தின்ற குளவியும் செத்தது.

கொஞ்ச காலத்தில் பூச்சிகள் விஷத்துக்குப் பழகிவிட்டன. குளவிக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. திருடன் திரும்பி வந்தான், காவல்காரன் வரவில்லை!

ஹாலந்து நாட்டிலும் இதே கதைதான். அங்கே வெள்ளரி பயிரிட்டவர்களைச் சிவப்புச் சிலந்திப் பேன் வாட்டியது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை.

அந்தச் சமயத்தில் கை கொடுத்தது ஒரு தற்செயல். தென் அமெரிக்காவில் சிலி என்ற நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு ஆர்க்கிட் பூச்செடிகள் வந்தன. அந்தச் செடிகளில் ஒட்டிக்கொண்டு ஒரு பேனும் வந்தது. இது இலையைத் தின்னும் பேன் அல்ல. இலையைத் தின்னும் பேனைத் தின்னும் பேன்! 1958-ல் ஒரு ஜெர்மன் விஞ்ஞானி அதைக் கண்டார்.

ஹாலந்தில் யான் கோப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயி, 1967-ல் இந்தப் பேனைத் தம் கண்ணாடித் தோட்டத்தில் விட்டார். பலன் கிடைத்தது. பிறகு மற்ற விவசாயிகளுக்கும் வளர்த்துக் கொடுத்தார். அவர் தொடங்கிய தொழில் இன்று பல நாடுகளில் நடக்கிறது. இங்கிலாந்தின் பழைய குளவியையும் தோட்டக்காரர்கள் மறுபடி தேடி எடுத்தார்கள்.

அடுத்து ஒரு தேனீ வந்தது. தக்காளிப் பூ நன்றாக அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். கண்ணாடி வீட்டுக்குள் காற்று அடித்துப் பூ ஆடாது. ஆகவே ஆட்களே அதிரும் கோலை எடுத்துக்கொண்டு, பூங்கொத்துக் கொத்தாகத் தொட்டுப் போவார்கள். கூலி நிறைய ஆகும். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பம்பிள் தேனீ இந்த வேலையை நன்றாகச் செய்யும் என்று 1985-ல் பெல்ஜியம் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஒருவர் கண்டார். இரண்டே ஆண்டில் தேனீப் பெட்டிகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

தேனீ வந்தது, தெளிப்பானின் வேகம் அடங்கியது! கண்டபடி விஷம் அடித்தால் தேனீ செத்துவிடும் அல்லவா? கூலியை மிச்சம் பிடிக்க வந்த தேனீ, விஷத்தையும் குறைத்தது.

ஸ்பெயினில் நடந்த அவமானம்

ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கு மூலையில் அல்மேரியா என்ற மாகாணம் இருக்கிறது. மழை மிகக் குறைவு. கட்டாந்தரை. கௌபாய் படங்களில் குதிரை வீரர்கள் புழுதி பறக்க ஓடும் காட்சிகள் பலவற்றை 1960-களில் இங்கேதான் எடுத்தார்கள்!

இன்று அதே மாகாணத்தில் ஏறக்குறைய 75,000 ஏக்கரில் பிளாஸ்டிக் கூரைகள் நிற்கின்றன. வானத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கடல் போல் தெரியும். குளிர் காலத்தில் ஐரோப்பா சாப்பிடும் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் முதலியவற்றில் பெரும் பகுதி இங்கிருந்துதான் போகிறது. இதை நடத்துகிறவர்கள் பெரும் பண்ணை முதலாளிகள் மட்டும் அல்ல. சிறு குடும்பங்களே அதிகம்.

இங்கே விவசாயிகள் மருந்தையே நம்பி இருந்தார்கள். நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றிச் சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்டவர்கள் சிலர்தான்.

2006-ம் ஆண்டின் கடைசி. ஜெர்மனிக்கு அனுப்பிய குடைமிளகாயைச் சோதித்தார்கள். உபயோகிக்கக் கூடாத ஒரு விஷம் அதில் இருந்தது! செய்தி பரவியது. கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். “இப்படிப்பட்ட காய் எங்களுக்கு வேண்டாம்” என்றார்கள். தப்பு செய்தவர்கள் சிலர். தலைகுனிந்தது மாகாணம் முழுவதும்.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அங்குள்ள குடைமிளகாய்த் தோட்டங்களில் பெரும்பாலானவை நன்மை செய்யும் பூச்சிகளுக்கு மாறிவிட்டன! ஸ்விர்ஸ்கி என்ற ஒரு வகைப் பேன் அங்கே நல்ல காவல்காரன். தவிடு போட்ட சிறு காகிதப் பைகளில் அடைத்துச் செடியில் தொங்கவிடுகிறார்கள். பை ஓட்டை வழியாகப் பேன்கள் மெல்ல வெளியே வருகின்றன. வெள்ளை ஈயின் முட்டையைத் தின்னும். இலைப்பேனின் குஞ்சையும் தின்னும். இரண்டும் கிடைக்காத நாளில் மிளகாய்ப் பூவின் மகரந்தத்தைத் தின்று உயிர் வாழும். ஆகவே திருடன் வருமுன்பே காவல் போட்டுவிடலாம்!

அல்மேரியாவின் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்த தொல்லை இருக்கிறது. கிழிந்த பிளாஸ்டிக் குப்பை இருக்கிறது. ஆனால் விஷத்தைக் குறைக்க முடியும் என்பதை அந்த விவசாயிகள் காட்டிவிட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே அறிவு முன்பே இருந்தது. பூச்சியும் இருந்தது. அவமானம் வந்த பிறகுதான் புத்தி வந்தது!

நம் ஊரிலும் நடந்தது

“இதெல்லாம் மேல்நாட்டுக் கதை, நமக்கு ஒத்துவருமா?” என்று சிலர் கேட்கலாம்.

நமது கரும்பு விவசாயிகளைக் கேளுங்கள். தண்டுத் துளைப்பான் புழுவை அடக்க, ஒட்டுண்ணி அட்டையைக் கரும்புத் தோகையில் கட்டுவது இங்கே பழகிய வேலை. அந்த அட்டையில் இருப்பதும் ஒரு சிறு குளவிதான்.

2008-ம் ஆண்டில் கோவையில் பப்பாளி மரங்களில் புது வகை மாவுப்பூச்சி வந்தது. வெளிநாட்டுப் பூச்சி. இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிர்களில் பரவியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள். மேலே மாவு போர்த்திய பூச்சிக்கு மருந்து எட்டவில்லை.

அமெரிக்காவின் ஆதிக்கத்தில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை 2010-ல் வரவழைத்தார்கள். பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆராய்ச்சி நிலையம் முதலில் அவற்றைச் சோதித்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் குளவிகளைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மாவுப்பூச்சி அடங்கியது. மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோது, ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து 2022-ல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள்.

திறந்த வெளியிலேயே இந்த வேலை நடக்கும்போது, நான்கு புறமும் வலை போட்ட குடிலில் நடக்காதா? திறந்த வயலில் விட்ட குளவி பக்கத்து வயலுக்குப் பறந்துவிடலாம். குடிலில் அது தங்கி வேலை செய்யும். பூச்சியைப் பெருக்குகிற அதே நான்கு சுவர், காவல்காரனையும் பெருக்கும். இதுதான் இந்தக் கதையின் முக்கிய விஷயம்!

எச்சரிக்கையும் வேண்டும்

கண்ட பூச்சியைக் கண்ட இடத்திலிருந்து கொண்டுவந்து விடலாமா? கூடவே கூடாது!

1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்பதற்காக ஹவாய் தீவிலிருந்து தேரைகளைக் கொண்டுவந்தார்கள். தேரைகள் கரும்பு வண்டை ஒழிக்கவில்லை. தாங்களே பெருகிப் பரவிவிட்டன. அவற்றின் உடம்பில் விஷம் உண்டு. அவற்றைத் தின்ற விலங்குகள் செத்தன. இன்றுவரை அந்தத் தொல்லை தீரவில்லை. ஆகவே முதலில் சோதனை, பிறகுதான் விடுதலை! சோதித்து அனுமதி கொடுத்த பூச்சியைத்தான் விவசாயி வாங்க வேண்டும்.

இன்னொன்று. காவல்காரப் பூச்சி மந்திரவாதி அல்ல. தோட்டம் முழுவதும் வெள்ளை ஈ மொய்த்த பிறகு நாலு குளவியை விட்டுப் பயன் இல்லை. பூச்சி தலைகாட்டும்போதே விட வேண்டும். குடிலுக்கு இரட்டைக் கதவு போட வேண்டும். கிழிந்த வலையைத் தைக்க வேண்டும். மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டு, எந்தப் பூச்சி வந்திருக்கிறது என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். தப்பித் தவறி மருந்து தேவைப்பட்டால், காவல்காரனைக் கொல்லாத மருந்து எது என்று கேட்டு அடிக்க வேண்டும்.

இதற்குப் பொறுமை வேண்டும். மருந்து அடித்தால் மறுநாள் பூச்சி செத்துக் கிடக்கும். மனம் சமாதானம் அடையும். குளவியை விட்டால் சில வாரம் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கிக் குடில் போட்ட விவசாயிக்கு அந்தச் சில வாரமும் நெஞ்சு படபடக்கும். அவரைத் தனியாக விட்டுவிட்டு, “விஷம் அடிக்காதே” என்று உபதேசம் மட்டும் செய்வது நியாயம் அல்ல.

யார் என்ன செய்ய வேண்டும்?

பசுமைக்குடில் போட அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. நல்லது. இரும்புக் குழாய்க்கும் பாலித்தீனுக்கும் கொடுக்கிற பணத்தில், நல்ல பூச்சியை வாங்கவும் பழகவும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். குடில் கட்டித் தருவது பாதி வேலை. அதற்குள் விஷம் இல்லாமல் பிழைக்கச் சொல்லித் தருவதுதான் மீதிப் பாதி.

குடில்கள் அதிகம் உள்ள ஓசூர், நீலகிரி போன்ற இடங்களில், கேட்ட வாரமே நல்ல பூச்சி கிடைக்க வேண்டும். அது உயிர்ப் பொருள். தூரத்திலிருந்து வருவதற்குள் வெயிலில் செத்துப் போனால் என்ன பயன்? அதோடு, முதல் ஆண்டில் விவசாயியின் குடிலுக்கு வந்து இலையைத் திருப்பிப் பார்த்து யோசனை சொல்ல, விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

குடில் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. தெளிப்பவருக்கு முகமூடியும் கையுறையும் கொடுங்கள். மருந்து அடித்த குடிலுக்குள், சீட்டில் எழுதியிருக்கும் நேரம் கழியும் வரை யாரையும் அனுப்பாதீர்கள். காய் பறிக்கிற பெண் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறவள் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக, வாங்குகிற நமக்கும் கடமை உண்டு. அல்மேரியா மாறியது எதனால்? வாங்குகிறவர்கள் கேட்டார்கள், அதனால் மாறியது! பளபளவென்று ஒரு புள்ளிகூட இல்லாத காய்தான் வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால், விவசாயி தெளிப்பானைக் கீழே வைக்க மாட்டார். தோலில் சிறு தழும்பு இருந்தால் காய் கெட்டுவிடவில்லை. கடைக்காரரிடம், “இது எந்த ஊர்க் காய்? எப்படி விளைந்தது?” என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் விசாரித்துக்கொண்டு வருவார்.

இங்கிலாந்துத் தோட்டக்காரர் அன்று அந்தக் கறுப்புக் குஞ்சை அலட்சியம் செய்யவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அலட்சியம் செய்தார்கள்; நஷ்டப்பட்டார்கள். ஸ்பெயின் விவசாயிகள் அவமானப்பட்ட பிறகு விழித்துக்கொண்டார்கள்.

நாம் அவமானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இலையைத் திருப்பிப் பார்க்க இன்றே பழகுவோம்!